ஹலீமுக்கு 12 மணி நேரம். ஆளுக்கு எத்தனை மணி நேரம்?



ஹலால் உணவுச் சந்தை வளர்கிறது, அதில் நல்ல வியாபார வாய்ப்பு இருக்கிறது என்று இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது. வளர்வது உண்மைதான். உலக முஸ்லிம்கள் 2022ஆம் ஆண்டில் உணவுக்காக மட்டும் செலவிட்டது சுமார் 1.4 லட்சம் கோடி டாலர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து 2024-25இல் வெளிநாடு போன எருமை இறைச்சியின் மதிப்பே சுமார் 400 கோடி டாலர். உலகத்துக்கு ஹலால் கோழி அதிகமாக அனுப்பும் நாடு எது? பிரேசில்! அங்கே கிறிஸ்தவர்கள்தான் பெரும்பான்மை. ஆகவே இந்தச் சந்தையில் பணம் போடுகிறவனிடம் யாரும் மதம் கேட்பதில்லை. லாபம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வாய்ப்பு, வாய்ப்பு என்கிறார்களே, அது யாருக்கு வாய்ப்பு? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

நம் ஐதராபாத்தையே எடுத்துக்கொள்வோம். ரமலான் மாதம் வந்தால் சார்மினாரிலிருந்து செகந்தராபாத் வரை தெருவுக்குத் தெரு கோட்டை அடுப்பு கட்டி அண்டா ஏற்றுகிறார்கள். ஐதராபாத் ஹலீமுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் இறைச்சிப் பண்டம் ஒன்று அந்தப் பெருமையைப் பெற்றது அதுவே முதல் தடவை. செம்புப் பாத்திரம் வேண்டும், விறகு நெருப்பு வேண்டும், 12 மணி நேரம் வேக வேண்டும் என்றெல்லாம் அதற்கு இலக்கணம் வகுத்தார்கள். நல்லது. ஊரின் பெயரைக் காப்பாற்ற வேண்டியதுதான்.

ஆனால் அந்த அண்டாவின் முன்னால் அனலில் நின்று, மரக் கட்டையால் கறியும் கோதுமையும் ஒன்றாகும்வரை இடிக்கிறானே, அவன் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று அந்த இலக்கணத்தில் ஒரு வரி உண்டா? நெய் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள், நெய் ஊற்றுகிறவனின் கூலி எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கவில்லை. இடிப்பவன், வெங்காயம் உரிப்பவள், அண்டா கழுவுகிறவன், பொட்டலம் கட்டுகிறவன் இவர்களில் எல்லா மாநிலத்து ஏழைகளும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 ரமலானில் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தெலங்கானா அரசு அனுமதி கொடுத்தது. அதே உத்தரவில், நாளொன்றுக்கு 8 மணி அல்லது வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. உத்தரவின் முதல் பாதி ஊர் முழுவதும் தெரிந்தது. விளக்குப் போட்டுக் கொண்டாடினார்கள். இரண்டாம் பாதி அடுப்படிக்கு எட்டியதா? அதைப் படித்துக் காட்டியவர் யார்?

இது இப்படியிருக்க, இன்னொரு கூட்டம் வேறொரு பக்கத்தில் கூச்சல் போடுகிறது. 2022இல் உகாதி சமயத்தில் கர்நாடகத்தில் ஹலால் கறியை வாங்காதே என்று பிரசாரம் நடந்தது. அடி விழுந்தது தெருமுனைக் கறிக்கடைக்காரன் வயிற்றில். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் முத்திரையிட்ட உணவுப் பொருள்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. ஆனால் ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு! அதே 2023இல்தான் மத்திய அரசு, ஏற்றுமதி இறைச்சிக்கு ஹலால் சான்று எப்படித் தர வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. அதாவது, உள்ளூர் அலமாரியில் இருந்தால் அந்த முத்திரை குற்றம், துறைமுகம் போய்ச் சேர்ந்தால் டாலர்! இந்தக் கூத்தில் கொள்கை எங்கே இருக்கிறது?

ரயில்வேயில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு 2023 ஜூலையில் நடந்தது நினைவிருக்கும். ரயிலில் கொடுத்த தேநீர்ப் பொடிப் பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருந்ததென்று ஒரு பயணி சண்டை போட்டது நாடு முழுவதும் பரவியது. அது சுத்த சைவம்தான் என்று ஐ.ஆர்.சி.டி.சி. விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தேயிலைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது அறுப்பதற்கு? முத்திரையைப் பற்றி அத்தனை பேர் பேசினார்கள். அந்தத் தேநீரை ஓடும் வண்டியில் தூக்கிக்கொண்டு நடந்த ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றி ஒருவராவது பேசினாரா?

"நம்மில் பலர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள். இது முஸ்லிம்கள் விஷயம், நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம். ஆடு வளர்ப்பவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். அறுத்த ஆட்டின் தோல் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பட்டறைகளுக்குப் போய் அங்கே பல சாதி, பல மதத்துக் குடும்பங்களின் அடுப்பை எரிக்கிறது. நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. கறிக்கடையை மூடினால் பட்டினி கிடப்பவர்களின் பட்டியலில் நம் பெயரும் இருக்கும்.

கடல் கடந்த நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களையும் பாருங்கள். பினாங்கில் தோளில் தண்டு வைத்து, இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றார்கள். அதுதான் 'நாசி கண்டார்' என்று இன்று மலேசியா முழுவதும் பெயர் பெற்ற உணவு. அன்று தண்டு தூக்கியவர் தன் தொழிலுக்குத் தானே எசமான். இன்று அத்தகைய உணவகங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போகிறவன் ஒப்பந்தக் கூலி. சந்தை வளர்ந்தது, தோள் கொடுத்தவனின் இனத்தான் வளர்ந்தானா?

ஒரு அண்டா வைத்துக் குடும்பத்தோடு நின்று விற்கும் சிறு கடைக்காரரோடு நமக்கு வழக்கில்லை. அவரும் நம்மைப்போல் உழைக்கிறவர்தான். ஊரெல்லாம் கிளை திறந்து, ஹலீமை விமானத்தில் ஏற்றி அனுப்பி லாபம் பார்க்கிறவர்களைத்தான் கேட்கிறோம். ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். உழைத்தவன் கூலியை இழுத்தடிக்காமல் கொடு என்பதும் அதே மார்க்கத்தின் போதனைதான் என்று நம் முஸ்லிம் தோழர்கள் சொல்வார்கள். அப்படியானால் கூலியைப் பிடித்துக்கொண்டு விற்ற கறிக்கு எந்த முத்திரை பொருந்தும்?

நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: ரமலான் நேரத்தில் கடைகளுக்குத் தரும் அனுமதியோடு இரட்டைச் சம்பள நிபந்தனையையும் கடை வாசலில் உருது, தெலுங்கு, இந்தி, தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் பகலில் அல்ல, இரவு 2 மணிக்கு வந்து பார்க்க வேண்டும்.

இரண்டு: ஹலால் சான்று கொடுப்பவர்கள் அறுக்கும் கத்தியைப் பார்ப்பதோடு சம்பளப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

மூன்று: மசாலா அரைத்து, வெங்காயம் வறுத்துக் கொடுக்கும் நம் பெண்கள் இடைத்தரகனுக்கு விற்பதை விட்டுக் கூட்டுறவாகச் சேர அரசு கடன் தர வேண்டும். வாய்ப்பு என்பது உண்மையானால் அதில் ஒரு பங்கு அவர்களுக்கும் வரட்டும்.

அதுவரை நாம் கை கட்டி இருக்க வேண்டாம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகை மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். குமாஸ்தா வேலை பார்க்கிற நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வாயால் சொன்னது ஆபீசில் எடுபடாது, தேதி போட்ட காகிதம் எடுபடும். அந்த நோட்டுகளை மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மனு எழுதும் பொறுப்பைச் சங்கம் ஏற்கும். தனித்தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். நாற்பது நோட்டுகளோடு சேர்ந்து போவோம்.