ஒரே நாடு... இரண்டு நேரம்!

2023 மார்ச் 26. லெபனானில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டிய நாள். மூன்று நாள்களுக்கு முன்புதான், ரமலானை முன்னிட்டு ஏப்ரல் 20 நள்ளிரவுக்கு அதைத் தள்ளிவைத்தார் காபந்து பிரதமர் நஜீப் மிகாத்தி. மரோனைட் திருச்சபை ஏற்கவில்லை. விளைவு, ஒரே ஊரில் இரண்டு நேரம்!

பெரும்பாலான செல்போன்கள் நம்பியிருப்பது, தன்னார்வலர்கள் பராமரிக்கும் உலக நேரப் பட்டியலைத்தான். அவர்கள் அவசரமாகப் பட்டியலைத் திருத்தினார்கள். 27-ம் தேதி அரசு பின்வாங்க, மறுநாளே பழையபடி மாற்றினார்கள்.

அறிவிப்புக்கு ஒரு கையெழுத்து போதும். அது எல்லா போன்களுக்கும் போய்ச்சேர நாள்கள் பிடிக்கும். ஆகவே, வெளிநாட்டில் விமானம் பிடிப்பவர்கள் போனை மட்டும் நம்பாமல், உள்ளூர் நேரத்தை ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது!