பில்லில் ஓடும் எல்லைக்கோடு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை அமைந்த பிறகும், இரு பக்கத்து மக்களின் கொடுக்கல் வாங்கல் ஒன்றாகவே தொடர்கிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதனோடு அமரவிளையின் வணிகவரிச் சோதனைச் சாவடியும் ஓய்ந்தது. இனி எல்லை இல்லை என்றே வணிகர் பலர் கருதினர். உண்மையில் அது சாலையிலிருந்து பில்லுக்கு இடம் மாறியிருக்கிறது.

சரக்கு மட்டும் விற்கும் வணிகர், ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பெறத் தேவையில்லை என்பது கேரளத்திலும் தமிழகத்திலும் பொதுவிதி. ஆனால் வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்பவருக்கு இந்த வரம்பு பொருந்தாது. முதல் ரூபாய் விற்பனைக்கே பதிவு கட்டாயம். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் வரி இல்லை; அவற்றை மட்டும் விற்பவருக்குக் கவலை இல்லை. பாறசாலையில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைக் களியக்காவிளைக் கடைக்கு அனுப்பினால் நிலைமை வேறு.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரூ.1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ள வணிகர் 1 சதவீத வரியோடு நிம்மதியாக இருக்க உதவும் திட்டம் இது. வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்க இதில் தடையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்கத்தான் தடை. மீறினால் வழக்கமான விகிதத்தில் வரியும் அபராதமும் சேர்ந்து வரும்.

கடைக்கே வந்து வாங்கிச் செல்லும் பதிவற்ற வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பில்லில் அவர் முகவரி இல்லையெனில், விற்பனை கடை உள்ள மாநிலத்தில் நடந்ததாகவே கொள்ளப்படும். முகவரியோ மாநிலத்தின் பெயரோ எழுதப்பட்டால் அந்த மாநிலமே கணக்கில் வரும். 2023 அக்டோபர் 1 முதல் இதுவே சட்டம். ரூ.50,000 அல்லது அதற்கு மேற்பட்ட வரிப்பில்லில் முகவரி கட்டாயம். ஐ.ஜி.எஸ்.டி. செலுத்த வேண்டிய இடத்தில் தவறுதலாக மத்திய, மாநில ஜி.எஸ்.டி. செலுத்தியிருந்தால், சரியான வரியை வட்டியின்றிச் செலுத்தி, அந்நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முந்தைய தொகையைத் திரும்பக் கோரலாம்.

கட்டட உரிமையாளருக்கும் எல்லை முக்கியம். வாடகையைப் பொறுத்தவரை, கட்டடம் எங்கே இருக்கிறதோ அதுவே வரிக்குரிய இடம்; உரிமையாளரின் வீடு இருக்கும் இடமன்று. உரிமையாளர் பதிவு பெறாதவராகவும் கடை நடத்துபவர் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வணிகக் கட்டட வாடகைக்கான 18 சதவீத வரியைக் கடைக்காரரே செலுத்த வேண்டும். காம்போசிஷன் வணிகருக்கு இதிலிருந்து விலக்கு தரும் அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது. ஒப்பந்தம் எழுதும்போதே இவ்வரி யார் பொறுப்பு என்பதைக் குறித்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு இராது.

பணியாளரை அமர்த்துவோர் நினைவில் கொள்ள வேண்டியது தொழில்வரி. ஊழியர் தினமும் களியக்காவிளையிலிருந்து வந்து போனாலும், வேலை செய்யும் இடத்து ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அரையாண்டுதோறும் சம்பளத்தில் பிடித்துச் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு ரூ.2,500 என்பது அரசமைப்புச் சட்டம் விதித்த உச்சவரம்பு. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த சம்பளம், வருமான வரிக் கணக்கில் பொதுவாகச் செலவாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே வங்கி வழியே கொடுப்பதே பாதுகாப்பு.

விதிகள் இவ்வாறிருக்க, அவை எல்லையோரச் சிறுவணிகருக்கு நியாயமாக அமைந்துள்ளனவா என்று கேட்பதும் நம் கடமை. வெளிமாநிலத்துக்குச் சேவை வழங்குவோருக்கு ரூ.20 லட்சம் வரை பதிவு விலக்கு உண்டு. குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கும் உண்டு. களியக்காவிளைக் கடையின் கணினியைப் பழுது பார்க்கும் பாறசாலை இளைஞர் பதிவின்றி இயங்கலாம். அதே கடைக்கு எண்ணெய் அனுப்புபவர் இயங்க முடியாது. இந்த வேறுபாட்டுக்குத் தக்க காரணம் நமக்குத் தென்படவில்லை.

நுகர்வு நடக்கும் மாநிலத்துக்கே வரி சேர வேண்டும் என்பது ஜி.எஸ்.டி.யின் அடிப்படை, விலக்கு தந்தால் அம்மாநிலம் இழக்கும் என்ற மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. ஆனால் விலக்கை ரூ.20 லட்சத்துக்கும் அண்டை மாவட்டத்துக்கும் மட்டுப்படுத்தினால் இழப்பு சிறிதாகவே இருக்கும். பில் போட அஞ்சி மறைவாக நடக்கும் விற்பனையும் கணக்குக்கு வரும். இரு மாநிலங்களும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் இக்கோரிக்கையைச் சேர்ந்தே எழுப்ப வேண்டும் என்பது நம் கருத்து.

அதுவரை, எல்லைக்கு அப்பால் முதல் சரக்கை அனுப்புமுன் பதிவு உண்டா, காம்போசிஷனில் இருக்கிறோமா, சரக்கின் மதிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால் இ-வே பில் எடுத்தாயிற்றா என்ற மூன்றையும் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வணிகப் பணத்துக்கெனத் தனி நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பில்லும் கணக்கும் ஒத்துப்போகும் வணிகருக்குக் கடன் விண்ணப்பமும் எளிதாகும்.