பாடசாலைக் கொம்பியூட்டரும் கிட்டங்கிப் பாதையும்

  இது கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன மாதம் பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார். "சேர், புள்ளையள்ட கொம்பியூட்டர்ல லினக்ஸ் எண்டு ஒண்டப் போட்டு வச்சிரிக்கீங்களாம். இன்டர்நெட்டும் வரல்லயாம், ஈமெயிலும் போகல்லயாம். பழைய விண்டோஸயே போட்டுத் தாங்களன்." கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான். அன்று சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதில் இது.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வுகூடக் கொம்பியூட்டர்களில் அப்டேட் ஓடவிட்டு, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்தோம். எழும்பிய பிறகு வைஃபை இல்லை. அதே நாள் பத்து மணிக்கு, கேபிளில் இணைந்திருந்த அலுவலகக் கொம்பியூட்டரில் பாடசாலையின் ஈமெயிலும் "உள்நுழைய முடியவில்லை" என்று நின்றது. இரண்டும் ஒரே காலையில் நடந்ததால் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: லினக்ஸ் கெட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் முதல் அரை மணித்தியாலம் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது பிழையான நினைப்பு. இரண்டு பழுது ஒரே நேரம் வந்தால் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கவேண்டும் என்றில்லை. வயலில் இலை மஞ்சளாவதும் எலி வெட்டுவதும் ஒரே கிழமையில் நடந்தால் இரண்டுக்கும் ஒரே மருந்தா அடிக்கிறோம்?

வைஃபை விடயம் கேர்னல் சம்பந்தப்பட்டது. கேர்னல் என்பது ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதி. கீபோர்ட், டிஸ்க், வைஃபை எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய அந்தப் பகுதிக்குத்தான் லினக்ஸ் என்று பெயர். எங்களிடம் உள்ள யூஎஸ்பி வைஃபை டொங்கிளுக்குக் கேர்னலுக்குள் டிரைவர் இருக்கவில்லை. அதனால் வெளியிலிருந்து எடுத்து அப்போதிருந்த கேர்னலுக்கு அளவாகக் கட்டிப் போட்டிருந்தோம். அப்டேட்டில் புதுக் கேர்னல் வந்தது. பழைய அளவுக்குத் தைத்த சட்டை புது உடம்புக்கு ஏறவில்லை. அவ்வளவுதான்.

இதற்கு மருந்து லினக்ஸிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. புதுக் கேர்னல் வந்தாலும் உபுண்டு, மின்ட், டெபியன் போன்றவை பழையதை உடனே அழிப்பதில்லை. கொம்பியூட்டர் எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் "மேலதிகத் தெரிவுகள்" என்ற வரிக்குள் போனால் பழைய கேர்னல் அங்கே இருக்கும். அதைத் தெரிந்தோம், வைஃபை வந்தது. பிறகு புதுக் கேர்னலுக்குரிய ஹெடர் பொதிகளை இறக்கி, டிரைவரை இம்முறை டீகேஎம்எஸ் முறையில் பதித்தோம். அப்படிப் பதித்தால் ஒவ்வொரு முறை கேர்னல் மாறும்போதும் டிரைவரும் தானாகவே மீண்டும் கட்டப்படும். முதல் நாளே அப்படிச் செய்திருக்க வேண்டும். அவசரத்தில் செய்யவில்லை. லினக்ஸின் பிழை இல்லை, எங்கள் பிழை.

ஈமெயில் கதை வேறு. அலுவலகக் கொம்பியூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் ஜீமெயில் கணக்கை இணைத்திருக்கிறோம். வார இறுதியில் ஒருவர் நல்லெண்ணத்தில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். மாற்றினால் இணைத்திருந்த மென்பொருட்கள் வெளியே தள்ளப்படும், மீண்டும் உள்நுழைய வேண்டும். உள்நுழையப் போனால் கூகுள் ஒரு குறியீட்டை போனுக்கு அனுப்புகிறது. யாருடைய போனுக்கு? இரண்டு வருடத்துக்கு முன்னர் இடமாற்றம் பெற்றுப் போன ஆசிரியரின் இலக்கத்துக்கு. அந்த இலக்கமோ இப்போது பாவனையில் இல்லை.

ஒன்பது நாட்கள் எடுத்தது கணக்கைத் திரும்பப் பெற. அந்த ஒன்பது நாட்களுக்குள் ஒரு போட்டிக்கு மாணவர் பெயர் அனுப்பக் கேட்டு வந்த கடிதம் உள்ளே கிடந்தது. நாங்கள் திறந்து பார்த்தபோது முடிவுத் திகதி கடந்து இரண்டு நாள். அந்தப் பிள்ளை எங்கள் வகுப்புப் பிள்ளை. விடயத்தைச் சொன்னபோது "பரவாயில்ல சேர்" என்றது. அந்தப் "பரவாயில்ல" இன்னும் எங்களுக்குச் சீரணிக்கவில்லை. இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

இது ஒரு சின்னப் பாடசாலையின் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். 2023 ஓகஸ்ட் 26ஐ ஞாபகம் இருக்கிறதா? இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவையில், ஜிஓவி டொட் எல்கே என்று முடியும் ஈமெயில்கள் இருந்த இடத்தில், கப்பம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. ஏறத்தாழ 5,000 ஈமெயில் கணக்குகள். அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் சேவையைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் போனது போனதுதான். மூன்று மாதத்துக்கும் மேல். ஏனென்றால் பெக்கப் பிரதிகளும் அதே தாக்குதலில் பூட்டப்பட்டன. அந்தக் காலத்துக்குரியதாக, இணையத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்த பிரதி இருக்கவில்லை.

ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ் இல்லை, மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியே நிறுத்தியிருந்தது. 2021இலிருந்து மேம்படுத்தத் திட்டமிட்டும் நிதித் தட்டுப்பாட்டாலும் முன்னைய சபைத் தீர்மானங்களாலும் தள்ளிப்போனதாக ஐசிடிஏ நிறுவனமே பின்னர் சொன்னது. ஆக, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் பராமரிக்காவிட்டால் இப்படித்தான். விண்டோஸா லினக்ஸா என்ற சண்டையில் இந்த விடயம் அடிபட்டுப் போகிறது.

நமக்குக் கிட்டங்கித் தாம்போதி இருக்கிறதே. மாரி மழைக்கு ஒவ்வொரு வருடமும் தண்ணி மேலால் பாயும், கல்முனைக்குப் போக்குவரத்து நிற்கும், ஆட்கள் உழவு மெசினில் கடப்பார்கள், படம் முகநூலில் வரும். தை பிறந்து தண்ணி வற்றினால் நாமும் மறந்துவிடுவோம். அப்டேட்டும் பெக்கப்பும் அந்த மாதிரி விடயம்தான். வெள்ளம் நிற்கும்போது மட்டும்தான் எல்லோரும் கதைப்போம்.

சரி, அப்படியென்றால் ஏன் லினக்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்பீர்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய புரொசெஸரும் வேண்டும். நன்கொடையாக வந்த நமது ஆய்வுகூட மெசின்களில் அநேகமானவற்றில் அது இல்லை. கடையில் போட்டுத் தரும் களவுக் கொப்பியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எந்தப் பென்டிரைவைச் சொருகினாலும் போல்டர் எல்லாம் சோர்ட்கட்டாக மாறிய காலம் பெற்றோருக்கும் ஞாபகம் இருக்கும். களவு கூடாது என்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டுக் களவு மென்பொருளில் பாடம் நடத்துவது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றுக்கு ஐந்து வருடம் இலவசமாகப் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. நாலு ஜீபி ரெம் உள்ள பழைய மெசினில் மின்ட் தாராளமாக ஓடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது மனசு சம்பந்தப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிரைக் கடல் கொண்டுபோன மாவட்டம் நமது அம்பாறை. அப்போது நாங்கள் பாடசாலை மாணவர். அந்த நாட்களில் கொழும்பிலிருந்த இலங்கை மென்பொருள் எழுத்தாளர்கள் தொண்டாக ஒன்றுசேர்ந்து சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணத் தேவைகளைப் பதிவுசெய்வதற்காக. அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டதால் அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது உதவியது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் கிடைத்தது. நம் கரையில் நடந்த அழிவுக்காக நம் நாட்டார் எழுதியது உலகத்துக்குப் போனது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பாடப் புத்தகத்தில் "திறந்த மூல மென்பொருள்" என்ற வரியை வாசிக்கும்போது அப்படி உட்காருவதில்லை.

எதிர்ப்புகளையும் மறைக்கவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் கும்பலாகத் தெரிகின்றன. "தமிழையே அழிச்சிட்டீங்களே" என்று ஒரு சேர் சண்டைக்கே வந்துவிட்டார். பாமினி யுனிகோட் இல்லை, எழுத்துருவைப் பதித்தால் சரியாகிவிடும் என்று விளக்கப் பத்து நிமிடம். எங்களைக் கேட்டால் பாமினியை விட்டு யுனிகோடில் அடிக்கப் பழகுவதுதான் நல்லது, அதற்குத் தனிப்பதிவு போடவேண்டும்.

கரண்ட் இன்னொரு தலையிடி. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததென்று நாடே இருண்டதே, அப்படியான நாட்டில் பொதிகள் பாதி ஏறியிருக்கும்போது மெசின் நின்றுபோவது சாதாரணம். அப்படி நின்றால் பயந்து முழுவதையும் அழித்துப் போடாதீர்கள். பாதியில் நின்ற பதிப்பை முடித்துவைக்கும் கட்டளை ஒன்று டீபிகேஜியில் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையே இப்போது அதைச் செய்கிறது. "ஆப்ட் அப்டேட்" கொடுத்துவிட்டு எல்லாம் புதுசாகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு பிழை. அது கடைப் பட்டியலைத்தான் புதுப்பிக்கும். சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவது "ஆப்ட் அப்கிரேட்".

புதுசு வந்த அன்றைக்கே பாய வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்னப் பொதிக்குள் ஒருவர் இரகசியக் கதவு வைத்திருந்தது பிடிபட்டது. அன்ட்ரஸ் பிரொயின்ட் என்ற பொறியியலாளர், உள்நுழைவு அரை விநாடி பிந்துகிறதே என்று தோண்டியதால் வெளிவந்தது. மாட்டியவை பரிசோதனைப் பதிப்புகள்தான், டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது வரவில்லை. பாடசாலைக்கு நிலையான பதிப்பு, அதற்கு வரும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தவறாமல். அது போதும்.

வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஒருவர், "லினக்ஸ்தான் இருக்கே, போஸ்ட்ஃபிக்ஸ் போட்டுப் பாடசாலைக்குச் சொந்த மெயில் சேர்வர் வைக்கலாமே" என்று எழுதியிருந்தார். அன்புக்கு நன்றி, ஆனால் வேண்டாம். எஸ்பிஎஃப், டீகிம் என்ற அடையாளங்கள் சரியில்லாமல் வரும் மெயிலை 2024 பெப்ரவரியிலிருந்து ஜீமெயில் கண்டிப்பாக வடிகட்டுகிறது. கரண்ட் போனால் சேர்வர் படுத்துவிடும். எங்களுக்கு இடமாற்றம் வந்தால் அதை யார் பார்ப்பது? இருக்கிற ஜீமெயிலை ஒழுங்காக வைத்திருந்தாலே பெரிய காரியம். தண்டர்பேர்டில் ஐமாப் முறையில் இணையுங்கள். பொப் முறையில் இணைத்தால் கடிதங்கள் ஒரு மெசினுக்குள் இறங்கிச் சேர்வரில் அழிந்துவிடக்கூடும், அந்த டிஸ்க் போனால் எல்லாம் போகும்.

இனி அபிவிருத்திக் குழுவிடம் எங்கள் கோரிக்கை. விண்டோஸைத் திருப்பிப் போடச் சொல்லி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கித் தாருங்கள், பெக்கப் எடுத்ததும் கழற்றி அதிபரின் அலுமாரியில் வைக்கப்படும். கணக்கின் மீட்பு இலக்கம் ஒரு ஆசிரியரின் சொந்த போனாக இருக்கக் கூடாது, பாடசாலைக்கென்று ஒரு சிம் வேண்டும். இந்த வேலை எங்கள் ஒருவர் தலையில் மட்டும் இருப்பதும் பிழை. நாளைக்கு எங்களுக்கு இடமாற்றக் கடிதம் வந்தால், அந்தப் பழைய ஆசிரியர் நின்ற இடத்தில் நாங்கள் நிற்போம். இரண்டாவதாக ஒரு ஆசிரியரும் உயர்தரத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் பழக வேண்டும். மாதத்தில் முதல் சனிக்கிழமை அப்டேட் நாள் என்று வைத்து, ஒரு மெசினில் முதலில் ஓடவிட்டு, அது சரியாக எழும்பினால் மற்றவற்றில் ஓடவிடுவோம். என்ன செய்தோம், எந்தக் கேர்னல் ஏறியது என்று ஒரு சீஆர் கொப்பியில் எழுதுகிறோம். கொப்பி ஏற்கனவே தொடங்கிவிட்டது, முதல் பக்கத்தில் மேலே சொன்ன திங்கட்கிழமைதான் இருக்கிறது.

வீட்டில் பழைய லெப்டொப் சும்மா கிடந்தால் அடுத்த சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டுவாருங்கள், இலவசமாகவே பார்க்கலாம். எட்டு ஜீபி பென்டிரைவ் ஒன்றும் சார்ஜரும் வேண்டும். வருமுன் கலியாண வீட்டுப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறொன்றில் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள். பிரதி இல்லாமல் வரும் மெசினை நாங்கள் தொட மாட்டோம்.