பெண்கள் குறட்டை விடுவதில்லை

2023இல் வந்த 'குட் நைட்' படத்தில் குறட்டை விடுபவன் நாயகன். அவனுடைய அவமானமும் அவனால் தூக்கமிழக்கும் மனைவியின் பாடும் ஒரு முழுநீளக் கதையாயின. நல்ல படம்தான். குறட்டை விடுபவள் மனைவியாக இருந்திருந்தால்? ஒரு நகைச்சுவைக் காட்சியோடு முடிந்திருக்கும். "பொம்பளை மாதிரியா தூங்குறா" என்று ஒரு வசனம் போதும்.

இந்தக் கேலி படுக்கையறையில் நின்றுவிடுவதில்லை, அறுவை அரங்கு வரை கூடவே வருகிறது.

எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதும், பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதும், மூளை திடுக்கிட்டு நம்மை உலுக்குவதுமாக ஓர் இரவு கழிந்தால் அது ஸ்லீப் அப்னியா. கடுமையானவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். அவர்களை உயிரோடு வைத்திருப்பது அந்தத் திடுக்கிடல்தான். மயக்க மருந்து அதை மழுங்கடிக்கிறது, தளர்ந்த தொண்டையை இன்னும் தளர்த்துகிறது. சிலருக்கு மூச்சுக்குழாய் செருகுவதே சிரமமாகிறது. பிறகு வலிக்குத் தரும் மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை மூச்சு விடும் உந்துதலையே குறைக்கின்றன. ஆகவே ஆபத்து அறுவை மேசையோடு தீர்வதில்லை. வார்டில், மல்லாக்கப் படுக்க வைக்கப்பட்டவளைப் பார்த்து, "அசந்து தூங்குறா, எழுப்பாதீங்க" என்று துணைக்கு இருப்பவர்கள் சொல்லும் அந்த முதல் இரவிலும் அது தொடர்கிறது.

இதை முன்கூட்டியே கண்டறிய, உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. 2008இல் டொரன்டோவில் பிரான்சிஸ் சங் என்ற மயக்கவியல் மருத்துவரும் குழுவினரும் வெளியிட்ட 'ஸ்டாப்-பேங்'. குறட்டை உண்டா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் நிறைக் குறியீடு 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா? ஆணாக இருப்பதற்கும் ஒரு மதிப்பெண். (இங்குமா என்று கேட்காதீர்கள்.) குறட்டையும் ரத்த அழுத்தமும் உள்ள ஆண் மூன்று பெற்று நடுத்தர ஆபத்துப் பிரிவுக்குப் போகிறான். அதே இரண்டும் உள்ள பெண் 'ஆபத்து குறைவு' என்று கடந்துபோகிறாள்.

ஆண்களுக்கு இந்நோய் அதிகம் என்பது பொய்யல்ல. 1993இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வில், 30 முதல் 60 வயதுக்குள், ஆண்களில் 24 சதவீதத்துக்கும் பெண்களில் 9 சதவீதத்துக்கும் தூக்கத்தில் மூச்சு தடைபட்டது. ஆனால் மாதவிடாய் நின்றபின் இந்த இடைவெளி சுருங்குகிறது. சூலகங்களோடு கருப்பையை எடுத்தால் அந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. 35 என்ற வரம்பும் நமக்குப் பொருந்தாது. இந்தியர்களுக்கு 25லேயே உடல் பருமன் என்கிறார்கள் நம் மருத்துவர்கள்.

என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது கேள்வி. மூச்சு நிற்பதைப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். கணவனின் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்துக் கிடக்கும் மனைவியர் ஏராளம். மனைவியின் மூச்சை எண்ணும் கணவர் எத்தனை பேர்? கைம்பெண்ணுக்கு, விடுதியில் தனியறையில் இருப்பவளுக்கு, கூடத்தில் பிள்ளைகளோடு படுப்பவளுக்கு யார் சாட்சி? முதல் கேள்வியோ கணவனைப் பார்த்தே கேட்கப்படுகிறது. அவர் சிரிக்கிறார். அவள், "அப்படியெல்லாம் இல்லை டாக்டர்" என்கிறாள். படிவத்தில் 'இல்லை' ஏறுகிறது.

பெண்களிடம் இந்நோய் உரத்த குறட்டையாக அல்லாமல் தூக்கமின்மையாகவும் காலைத் தலைவலியாகவும் தீராத அலுப்பாகவும் வருவதுண்டு. ரத்தசோகை, தைராய்டு, டென்ஷன், 'இந்த வயசுல அப்படித்தான்' என்று பெயர்கள் மாறுகின்றன. தூக்க மாத்திரை எழுதப்படுகிறது. அதிலும் சில வகைகள் மூச்சடைப்பைக் கூட்டக்கூடியவை.

அரசு மருத்துவமனை நெரிசலில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். கணவரை வெளியே அனுப்பிவிட்டு, "ராத்திரி மூச்சு முட்டி எழுந்ததுண்டாம்மா? தலைவலியோடுதான் விடியுதா?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகுமா? கழுத்தை அளக்கத் தையல்காரரின் டேப் போதும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் கிடக்கிறது; வார்டில் முதல் இரவுக்கு ஒன்று இல்லையென்றால் நம்ப முடியவில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கும்போது அந்த எண் தாமதமாகத்தான் இறங்கும் என்பதால், மூச்சையும் எண்ணத் தெரிந்த செவிலியர் வேண்டும். அந்த வேலையை மாமியார் தலையில் கட்டக் கூடாது.

அறுவை சிகிச்சையைத் தவிர்க்கச் சொல்லவில்லை. முன்பே தெரிந்தால், முடிந்த இடங்களில் முதுகுத் தண்டு ஊசியோடு முடிக்கலாம், ஓபியாய்டு மருந்தைக் குறைக்கலாம், தலையை உயர்த்தியோ ஒருக்களித்தோ படுக்க வைக்கலாம். வீட்டில் சிபாப் கருவி பயன்படுத்துபவர் அதைக் கையோடு கொண்டுவரலாம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2006இலேயே இதற்கு வழிகாட்டுதல் தந்துவிட்டது.

கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடமே சொல்லுங்கள். வீட்டில் யாராவது உங்கள் குறட்டையைக் கேலிக்காக செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தால், அழிக்க வேண்டாம். அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.