உம்ராவில் பிள்ளைக்கு அம்மை கண்டால்

கைக்குழந்தையுடன் உம்ராவுக்குப் புறப்படும் கொடுங்கையூர்ப் பெற்றோரே! மக்காவில் பிள்ளைக்குக் காய்ச்சலும் செந்தடிப்பும் கண்டால் என்ன செய்வீர்கள்? ‘அல்லாஹ்வின் இல்லத்தில் ஒன்றும் ஆகாது’ என்று தவாஃபுக்குத் தூக்கிச் செல்வது தவக்குல் அன்று. அது தட்டம்மையாயின், தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை காற்றின் வழியே பிறருக்குப் பரவும். மதாஃபின் நெரிசலில் பிறருடைய பச்சிளங்குழந்தைகளும் இருக்கின்றனர்.

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை அறிந்த உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்தே திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என வினவப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள்.

ஆகவே, பிள்ளையை அறையிலேயே வைத்து நீராகாரம் கொடுங்கள். தாயும் தந்தையும் முறைவைத்துத் தவாஃப் செய்யலாம். தடிப்பு இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். மூச்சுத்திணறலோ வலிப்போ கண்டால் 997 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அனைத்திற்கும் முன்பாக, 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று என எம்.ஆர். தடுப்பூசியை ஊரிலேயே போட்டுவிடுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் அது இலவசம். பயணத்தில் பாஸ்போர்ட்டுடன் தடுப்பூசி அட்டையும் இருக்கட்டும்.

பிறர் பிள்ளைக்குத் தீங்கு நேராமல் காப்பதும் இபாதத்தே.