ஹெரால்டுக்கு எதுக்குய்யா ரேஸ் ஸ்டியரிங்?

மக்களே, ஒரு பொறுமல். எங்க தென்னேரிப் பக்கம் ஒருத்தர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வச்சிருக்கார். 1961-ல சென்னையில செய்ய ஆரம்பிச்ச வண்டி. (அது ஸ்போர்ட்ஸ் காரான்னு மடக்காதீங்க. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரே ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல வந்துச்சு.) இப்ப அதுல 13 அங்குல டூப்ளிகேட் 'மோமோ' ஸ்டியரிங்கை மாட்டியிருக்கார். கேட்டா, ரேஸ் லுக்காம்!

அண்ணே, இதுல பவர் ஸ்டியரிங் ஏது? 16 அங்குலத்தை 13 ஆக்கினா, அதே திருப்புக்குக் கை கிட்டத்தட்ட கால் பங்கு கூட இழுக்கணும். 25 அடி வட்டத்துல திரும்புறதுதான் ஹெரால்டோட பெருமையே. இவரு ஏரிக்கரை ரோட்டுல திருப்புறதுக்குள்ள மூச்சு வாங்குது.

அதைவிடக் கொடுமை நடுவுல இருக்குற பாஸ். தண்டோட ஸ்ப்ளைனுக்குச் சேராததை, தகடு சொருகி இறுக்கியிருக்கார். ஆடுது! கழண்டா ஸ்டியரிங் அவர் கையில, வண்டி ஏரியில.

மாத்தவே கூடாதுன்னா சொல்றேன்? மோட்டோ-லிட்டா மாதிரி 15 அங்குல மர ஸ்டியரிங், ட்ரையம்ப் ஸ்ப்ளைனுக்குன்னே செஞ்ச பாஸோட வாங்கிப் போடுங்க. காசு கூடத்தான். முடியலைன்னா பழைய ஸ்டியரிங்கோட விரிசலை எபாக்ஸியால அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிங்க. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குல ஓட்டப்போற அன்னிக்கு 13 அங்குலம் பத்திப் பேசிக்கலாம் :-)