வான் வடக்கே திரும்பட்டும்

உயர்தரப் பரீட்சையில் பிள்ளை தேறியதும் வாடகைக்கு வான் அமர்த்திக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் புறப்படும் மாத்தளைத் தமிழரைக் கண்டு மகிழ்பவன் நான். உறங்கவும் சமைக்கவும் வசதிகொண்ட மேல்நாட்டு ஊர்தி நமக்கு எதற்கு? சோற்றுப் பொதியும் இரண்டு பாயும் போதும். ஆனால், அந்த வான் நுவரெலியாவையே நாடுவதேன்?

வடக்கே திருப்புங்கள் என்பேன். நாலந்தா, தம்புள்ளை கடந்து தலைமன்னார் வரை செல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். பசிக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலே மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.  2023ஆம் ஆண்டு ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நினைவு நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. கால்நடையாகப் பதினாறு நாள். வானிலோ ஒரு பகற்பொழுது.

வெயில் கடுமை, பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பர் சிலர். பல்கலைக்கழகம் புகவிருக்கும் பெண், தன் முன்னோர் நடந்த தூரத்தை அறியாதிருப்பது எனக்கு உடன்பாடன்று. எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பதையெல்லாம் அவளே வகுக்கட்டும். பாட்டியை மட்டும் மறவாமல் முன் ஆசனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழிக்கதை அவரிடந்தான் இருக்கிறது.